ஏ.எம்.எல்: ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்டவை

சென்ற இதழில் ரத்தப் புற்றுநோய் பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே நோயைப் பற்றித்தான்: அக்யூட் மைலாய்டு லூக்கிமியா, சுருக்கமாக ஏ.எம்.எல். அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். அனுப்பியவர்களின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். பல கடிதங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் தட்டியவை என்பது படிக்கும்போதே தெரிந்தது, ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. ஒரு மாதமாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு 48,000, பிளேட்லெட் 22,000, ப்ளாஸ்ட் 60 சதவீதம் என்று வந்திருக்கிறது. இன்றைக்கே அட்மிட் ஆகச் சொல்கிறார்கள். இது எத்தனாவது ஸ்டேஜ்? இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்துச் சேர்த்தால் ஆகாதா?

பதில்: ஆகாது. இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். பிளேட்லெட் 22,000 இருந்து ஈறிலும் ரத்தம் கசிகிறவர் வீட்டில் இருக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் எதிர்த்து நிற்க அவரிடம் உருப்படியான வெள்ளையணுவும் இல்லை. 48,000 இருக்கிறதே என்பீர்கள். அதில் பாதிக்கு மேல் ப்ளாஸ்ட், அதாவது வளராமலே நின்றுபோன செல்கள். எலும்பு மஜ்ஜையில் பிறக்கிற செல் பல படி தாண்டித்தான் கிருமியைத் தின்னும் வெள்ளையணுவாக முதிரும். இந்த நோயில் அது ஆரம்பப் படியிலேயே நின்றுகொண்டு, நின்ற இடத்திலேயே பெருகிக்கொண்டிருக்கிறது. ஆள் கணக்கு இருக்கும், வேலை நடக்காது. மஜ்ஜையில் இருக்கிற இடத்தையெல்லாம் இவை பிடித்துக்கொள்வதால் சிவப்பணு குறைந்து மூச்சு வாங்குகிறது, பிளேட்லெட் குறைந்து ஈறு கசிகிறது. உங்கள் அப்பாவின் ஒரு மாதக் கதை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

ஸ்டேஜ் கேட்டீர்கள். அநேகமாக எல்லாக் கடிதத்திலும் இந்தக் கேள்வி இருந்தது. ஏ.எம்.எல்லுக்கு ஸ்டேஜ் கிடையாது. மார்பகத்திலோ குடலிலோ வரும் கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அளக்கத்தான் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எல்லாம். ரத்தம் முதல் நாளிலிருந்தே உடம்பு முழுக்க ஓடுகிறது, அதில் பரவியதா பரவவில்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை. டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: எந்த வகை ஏ.எம்.எல்? குரோமோசோமில் என்ன தெரிகிறது? எந்த ஜீன் மாறியிருக்கிறது? எந்த மருந்து, மஜ்ஜை மாற்றம் வேண்டுமா, எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்ததுதான். ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு ஏ.எம்.எல் நோயாளிகள் படுத்திருப்பார்கள், அவர்களுடைய நோய்க்குப் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை இருக்காது.

அப்புறம் ஒன்று. அட்மிட் ஆவது வேறு, கீமோ ஆரம்பிப்பது வேறு. அப்பாவின் நிலைமை நிதானமாக இருந்தால், ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனித்துக்கொண்டே ஜீன் ரிப்போர்ட்டுக்காகச் சில நாள் காத்திருக்கலாம், அதனால் நஷ்டமில்லை என்பதுதான் இன்றைய புரிதல். வெள்ளையணு ஒரு லட்சத்தைத் தாண்டி ரத்தம் கெட்டியாகி, மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் அது அவசரம்; ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை கொடுத்து உடனே எண்ணிக்கையைக் குறைக்க ஆரம்பிப்பார்கள். இன்னொரு டாக்டரிடம் கேட்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது உங்கள் உரிமை. ரிப்போர்ட்டும் ஸ்லைடும் ஊர் சுற்றட்டும், அப்பா கட்டிலில் இருக்கட்டும்.

கேள்வி: ரத்தத்திலேயே ப்ளாஸ்ட் தெரிந்த பிறகு எலும்பு மஜ்ஜையில் வேறு ஏன் ஊசி போட வேண்டும்? ரொம்ப வலிக்குமா? நான்கைந்து பரிசோதனைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், எல்லாமே அவசியமா?

பதில்: அவசியம். ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

முதலில் ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பயம் அங்கேதான் இருக்கிறது. நோயாளி ஒருக்களித்தோ குப்புறவோ படுத்திருப்பார். இடுப்புக்குப் பின்புறம், பெல்ட் போடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கமும் கெட்டியாக ஒரு எலும்பு மேடு கைக்குத் தட்டுப்படும், அங்கேதான் எடுப்பார்கள். முதலில் மரத்துப்போக ஊசி, அது சுருக்கென்று எரியும். அதற்குப் பிறகு பெரிய ஊசி இறங்கும்போது அழுத்துவதுதான் தெரியும். மஜ்ஜையைச் சிரிஞ்சில் உறிஞ்சும் அந்த நாலைந்து விநாடிதான் கஷ்டமான நேரம், ஏனென்றால் எலும்புக்குள்ளே இருந்து இழுக்கிற அந்த உணர்வை மரத்துப்போகும் மருந்தால் தடுக்க முடியாது, கால் வரைக்கும் சுண்டி இழுக்கும். "இப்போது இழுக்கப் போகிறேன், மூச்சை மெதுவாக விடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிச் செய்தால் தாங்கிக்கொள்ளலாம், அப்படிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மொத்தம் இருபது நிமிட வேலை. பிளேட்லெட் குறைவாக இருந்தாலும் செய்யலாம், முடிந்ததும் நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடுத்ததில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் 500 செல்லை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். 20 சதவீதமோ அதற்கு மேலோ ப்ளாஸ்ட் இருந்தால் ஏ.எம்.எல். (முன்பு 30 என்று வைத்திருந்தார்கள், உலக சுகாதார நிறுவனத்தின் 2001 வகைப்பாட்டில்தான் 20 ஆனது. சில குறிப்பிட்ட குரோமோசோம் மாற்றங்கள் இருந்தால் 20-க்குக் கீழே இருந்தாலும் ஏ.எம்.எல் என்றே எடுத்துக்கொள்வார்கள்.) ஃப்ளோ சைட்டோமெட்ரி என்பது செல்லின் மேல்தோலில் ஒட்டியிருக்கும் அடையாளங்களை லேசர் வெளிச்சத்தில் படிப்பது, இது மைலாய்டா, அல்லது வேறு மருந்து கேட்கும் லிம்பாய்டு வகையா என்று பிரித்துச் சொல்லும். ஒரே நாளில் பதில் வந்துவிடும். குரோமோசோம் பரிசோதனைக்குச் செல்லை வளர்த்துப் பார்க்க வேண்டும், அதனால் ஒரு வாரம்கூட ஆகலாம். கடைசியாக ஜீன் பரிசோதனை. அதில் எஃப்.எல்.டி.3, என்.பி.எம்.1, ஐ.டி.எச்.1, ஐ.டி.எச்.2 நான்கும் மூன்று முதல் ஐந்து நாளில் கிடைத்தால் நல்லது, ஆரம்ப மருந்தே அதைப் பார்த்து மாறலாம். டி.பி.53 போன்ற மற்றவை அடங்கிய முழுப் பட்டியல் பின்னாலேயே வரும்.

இதையெல்லாம் சேர்த்து வைத்துத்தான் சாதகமானது, நடுத்தரம், பாதகமானது என்று மூன்றாகப் பிரிப்பார்கள். உதாரணமாக, 8-ஆம் குரோமோசோமும் 21-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டிருந்தால் அது சாதகமான கூட்டம். டி.பி.53 கெட்டிருந்தால் கடினமான கூட்டம், அதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு சின்ன யோசனை: ஊசி போடும் அன்றைக்கே, "எல்லாப் பரிசோதனைக்கும் போதுமான அளவு எடுத்து அனுப்புகிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கீமோ ஏறிய பிறகு அந்தப் பழைய மஜ்ஜை திரும்பக் கிடைக்காது.

கேள்வி: என் மனைவிக்கு 34 வயது. அடிபடாமலே தொடையிலும் கையிலும் நீலம் நீலமாகக் கன்றியது, மாதவிடாய் எட்டு நாளாக நிற்கவில்லை. சேர்த்த அன்று இரவே, ரிப்போர்ட் வருவதற்கு முன்னால், ஏதோ மாத்திரை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஏ.பி.எல் ஆக இருக்கலாம் என்றார்கள். உறுதியாகாமல் மருந்து கொடுக்கலாமா?

பதில்: அன்றைக்கு இரவுப் பணியில் இருந்த டாக்டருக்கு நன்றி சொல்லுங்கள். ஏ.பி.எல் என்பது ஏ.எம்.எல் குடும்பத்தில் ஒரு தனி ரகம், 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது. முதல் சில நாளில் இதைவிட ஆபத்தான லூக்கிமியா இல்லை, அந்த நாட்களைத் தாண்டிவிட்டால் இதைவிட நன்றாகக் குணமாவதும் இல்லை. இந்தச் செல்கள் ரத்தம் உறையும் ஏற்பாட்டையே குலைத்துவிடுவதால் மூளையில் ரத்தக்கசிவு வரலாம், இந்த நோயில் இழக்கிறவர்களைப் பெரும்பாலும் அப்படித்தான் இழக்கிறோம். ஆகவே மைக்ரோஸ்கோப்பில் பார்த்து சந்தேகம் வந்த உடனேயே அந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும், உறுதி செய்யும் ரிப்போர்ட் பின்னால் வரட்டும் என்பதுதான் விதி. இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் நிறுத்திவிடலாம். நான்கைந்து மாத்திரை விழுங்கியதால் பெரிய கேடு எதுவும் இல்லை. காத்திருந்து, ஆமாம் என்று ரிப்போர்ட் வந்தால் அதற்குள் காலம் கடந்திருக்கும்.

அந்த மாத்திரையின் பெயர் அட்ரா, வைட்டமின் ஏ-யின் உறவுக்காரப் பொருள். ப்ளாஸ்ட் செல்லைக் கொல்லாமல், நின்றுபோன படியிலிருந்து தள்ளி முதிர வைக்கிறது. முதிர்ந்த செல் தன் ஆயுள் முடிந்து தானே போய்விடும். 1985-இல் ஷாங்காயில் வாங் ஜென்யி என்ற மருத்துவர் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு இதைக் கொடுத்துக் காப்பாற்றினார். இதனுடன் சேர்த்துக் கொடுப்பது ஆர்சனிக் ட்ரையாக்சைடு. ஆமாம், நம் பழைய நூல்களில் வெள்ளைப் பாஷாணம் என்று வருகிறதே, அதுதான். சீனாவில் ஹார்பின் நகரத்து மருத்துவர்கள் 1970-களிலேயே இதைக் கையில் எடுத்துவிட்டார்கள். அதிகத் தீவிரமில்லாத ஏ.பி.எல்லில் இந்த இரண்டை மட்டும் வைத்து, வழக்கமான கீமோ இல்லாமலே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள் என்று 2013-இல் வந்த ஆய்வு உறுதியாகக் காட்டியது. இத்தனை வருடம் இந்தத் துறையில் இருந்தும் இந்த விஷயத்தை எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் வெளியில் கிடைக்கும் பாஷாண மருந்து எதையும் தொடாதீர்கள். இங்கே அளவு மில்லிகிராமில், இ.சி.ஜி பார்த்து, பொட்டாசியமும் மக்னீசியமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தினமும் காலையில் எடை பாருங்கள். திடீரென்று எடை ஏறுவது, காய்ச்சல், மூச்சுத் திணறல், கால் வீக்கம் இதில் எது வந்தாலும் நர்ஸிடம் அந்த நிமிடமே சொல்லுங்கள். எல்லாச் செல்லும் ஒரே சமயத்தில் முதிர்வதால் வரும் விளைவாக இருக்கலாம், டெக்ஸாமெத்தசோன் உடனே கொடுத்தால் அடங்கும். சிகிச்சைக் காலத்தில் கருத்தரிக்கவும் கூடாது, அட்ரா கருவைப் பாதிக்கும்.

கேள்வி: அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லாமல், ரத்தசோகை என்று சொல்லியே கீமோ கொடுத்துவிடலாமா? தெரிந்தால் உடைந்துவிடுவார்.

பதில்: சொல்லிவிடுங்கள் தம்பி. தலைமுடி கொட்டும், ஒரு மாதம் அறையை விட்டு வர முடியாது, அடுத்த கட்டிலில் இருப்பவர் தன் நோயின் பெயரைச் சத்தமாகச் சொல்வார். அவருக்குத் தெரிந்துவிடும், அதுவும் நீங்கள் பக்கத்தில் இல்லாத ஒரு நேரத்தில் தெரியும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். முதலில் "உங்களுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் அவர் பாதியை ஊகித்துத்தான் வைத்திருப்பார்.

கேள்வி: கணவருக்கு 42 வயது, 'ஏழும் மூன்றும்' என்று ஒரு கீமோ ஆரம்பிக்கப் போகிறார்கள். ஒரு மாதம் உள்ளேயே இருக்க வேண்டுமாம். அந்த ஒரு மாதம் எப்படி இருக்கும் என்று யாரும் விவரமாகச் சொல்லவில்லை.

பதில்: நான் சொல்கிறேன். சைட்டரபின் என்ற மருந்து ஏழு நாள், இரவு பகலாக நிற்காமல் பம்ப்பில் இறங்கும். அதில் முதல் மூன்று நாள் டானோரூபிசின் அல்லது ஐடாரூபிசின் சேரும். 1973-இலிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை, மேலே ஒன்றிரண்டு மருந்து சேர்ந்திருக்கிறது, அடித்தளம் அதேதான். டானோரூபிசின் பார்க்க மாணிக்கச் சிவப்பாக இருக்கும். இத்தாலியில் ஒரு பழைய கோட்டைப் பக்கத்து மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது, அந்தப் பகுதியில் வாழ்ந்த பழங்குடியின் பெயரும் மாணிக்கமும் சேர்ந்துதான் இந்தப் பெயர். சிறுநீரும் ஓரிரு நாள் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயந்துவிட வேண்டாம். இந்த மருந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் முன்பே எக்கோ எடுத்திருப்பார்கள்.

எட்டாம் நாள் பம்ப்பை எடுப்பார்கள். வாந்தி மட்டுப்பட்டிருக்கும், "அவ்வளவுதானா?" என்று அவர் சிரிக்கக்கூடும். கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அதாவது கவுண்ட், இறங்கிக்கொண்டே போய் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்கும். வாய் புண்ணாகும், முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடக்கும், காய்ச்சல் அநேகமாக எல்லோருக்கும் ஒரு தடவையாவது வரும். ரத்தக்கசிவு இல்லாத வரை பிளேட்லெட் 10,000-க்குக் கீழே போனால் ஏற்றுவார்கள், ஹீமோகுளோபின் 7, 8 பக்கம் வந்தால் ரத்தம் ஏற்றுவார்கள். இந்த நாட்களில் மிருதுவான பிரஷ், கைகழுவல், பார்வையாளர்கள் வேண்டாம். நீங்களும் சளி பிடித்திருந்தால் உள்ளே போகாதீர்கள். எஃப்.எல்.டி.3 மாற்றம் இருந்தால் எட்டாம் நாளிலிருந்து மிடோஸ்டாரின் மாத்திரை சேர்ப்பார்கள். 717 பேரிடம் செய்து 2017-இல் வெளியான ஆய்வில் நான்கு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் அந்த மாத்திரையோடு 51 சதவீதம், அது இல்லாமல் 44. ஏழு சதவீதம்தானே என்று தோன்றலாம், அந்த ஏழில் உங்கள் கணவர் இருக்கலாம். இப்போது அதே வேலைக்குக் குவிசார்டினிபும் வந்துவிட்டது.

நான்காவது வாரத்தில் கவுண்ட் ஏற ஆரம்பிக்கும், மறுபடி மஜ்ஜை எடுத்துப் பார்ப்பார்கள். 60 வயதுக்குக் கீழே பத்தில் ஆறு முதல் எட்டுப் பேருக்கு ப்ளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே போய் ரெமிஷன், அதாவது நோய் அடங்கிய நிலை, கிடைக்கிறது. முதல் மாதத்திலேயே தொற்றிலோ ரத்தக்கசிவிலோ இழப்பதும் நடக்கிறது. கேட்டதற்காக இதையும் சொல்கிறேன்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இனிமேல் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், முதல் டோஸுக்கு முன்பே விந்தணு சேமிப்பு பற்றிக் கேட்டுவிடுங்கள். அவசரத்தில் டாக்டர்களுக்கே இது விட்டுப்போகிறது.

கேள்வி: கீமோ முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. லேசாகக் காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலை வரை பார்க்கலாமா?

பதில்: கூடாது. ஒரு தடவை 38.3 டிகிரி செல்சியஸ், அல்லது 38 வந்து ஒரு மணி நேரமாக இறங்கவில்லை என்றால், நடுராத்திரி என்றாலும் கிளம்புங்கள். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. வெள்ளையணுவில் கிருமியைத் தின்னும் நியூட்ரோஃபில் வகை 500-க்குக் கீழே இருக்கும்போது காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறியே இருக்காது, சீழ் வைக்கக்கூட உடம்பில் செல் கிடையாது. போய்ச் சேர்ந்ததும் "கீமோ நோயாளி, காய்ச்சல்" என்ற இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 76. பெரிய கீமோ வேண்டாம், ஊசியும் மாத்திரையும் போதும் என்கிறார்கள். வயதாகிவிட்டது என்று கைவிட்டுவிட்டார்களா?

பதில்: கைவிடவில்லை. இது பெரியவர்களின் நோய்தான், கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் 65-ஐத் தாண்டியவர்கள். அந்த வயதில் ஏழும் மூன்றும் கொடுத்தால் நோயை விட மருந்தே ஆளைச் சாய்த்துவிடலாம். அம்மாவுக்குச் சொல்வது அசாசிட்டிடின் ஊசியும் வெனிடோக்ளாக்ஸ் மாத்திரையுமாக இருக்கும். ஊசி மாதத்தில் ஏழு நாள். மாத்திரையை முதல் நாள் 100 மி.கி, அடுத்த நாள் 200, பிறகு 400 என்று ஏற்றுவார்கள், செல்கள் ஒரேயடியாக உடைந்து சிறுநீரகத்தை அடைத்துவிடக் கூடாது என்பதற்காக. 2020-இல் வந்த ஆய்வில் இரண்டும் சேர்ந்தபோது மூன்றில் இரண்டு பேருக்கு ரெமிஷன் கிடைத்தது, ஊசி மட்டும் என்றால் நூற்றுக்கு 28 பேருக்கு. சராசரி ஆயுள் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமானது.

இதைப் படித்துவிட்டு உங்களுக்கு மனம் கனக்கும் என்று தெரிகிறது. இந்தச் சிகிச்சை பெரும்பாலும் நோயைப் பிடித்துவைக்கும், வேரோடு எடுக்காது. சிலருக்கு, குறிப்பாக என்.பி.எம்.1, ஐ.டி.எச் மாற்றம் உள்ளவர்களுக்கு, ரொம்ப நாள் பிடித்துவைக்கும். அதனால் அம்மாவின் ஜீன் ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேளுங்கள், வயதானவர்தானே என்று அதை விட்டுவிட அனுமதிக்காதீர்கள். பூஞ்சைத் தொற்று வராமல் தடுக்கக் கொடுக்கும் சில மாத்திரைகள் வெனிடோக்ளாக்ஸின் அளவை உடம்பில் பல மடங்கு ஏற்றிவிடும், அப்போது 400-ஐ 70-ஆகக்கூடக் குறைப்பார்கள். திடீரென்று அளவு குறைந்தால் பதறாதீர்கள். அதே காரணத்துக்காக, டாக்டருக்குத் தெரியாமல் மூலிகைப் பொடி, சத்து மாத்திரை எதுவும் வேண்டாம். எந்த நாளில் ஆஸ்பத்திரி, எந்த நாளில் வீடு என்பதில் அம்மாவின் விருப்பத்தையும் கேளுங்கள். வலி தணிப்பு மருத்துவர்களை முதல் மாதத்திலேயே சேர்த்துக்கொள்வதும் நல்லது, அவர்கள் கடைசி நாட்களுக்கு மட்டுமானவர்கள் என்ற எண்ணம் தப்பு.

கேள்வி: ரெமிஷன் வந்துவிட்டது என்றார்கள், மஜ்ஜை சுத்தமாக இருக்கிறதாம். பிறகு எதற்கு இன்னும் மூன்று கீமோ?

பதில்: மைக்ரோஸ்கோப்புக்குத் தெரியாத அளவில் கோடிக்கணக்கில் இன்னும் இருக்கும். இத்தோடு நிறுத்தினால் அநேகமாக எல்லோருக்கும் சில மாதத்தில் திரும்பிவிடும். எம்.ஆர்.டி என்ற பரிசோதனை ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் மிச்சத்தைத் தேடும், அதன் முடிவை வைத்துத்தான் கீமோவோடு நிற்கலாமா, மஜ்ஜை மாற்றம் வேண்டுமா என்று பல நேரம் முடிவெடுக்கிறோம்.

இந்தச் சுற்றில் சைட்டரபின் ரொம்ப அதிக அளவில் ஏறும். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கண் கோவைப்பழமாகச் சிவந்துவிடும். இன்னொன்று: ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் நர்ஸ் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்வார். சம்மதப் படிவம் இல்லை அது. நேற்றுப் போட்ட கையெழுத்துக்குக் கீழே இன்றைய கையெழுத்து. எழுத்து கோணினால், கோடு நடுங்கினால், மருந்து சிறுமூளையைத் தொட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அன்றைய டோஸை நிறுத்திவிடுவார்கள். எந்த ஸ்கேனுக்கும் முன்னால் அந்தத் தாள் சொல்லிவிடும். யாரும் நீட்டவில்லை என்றால் நீங்களே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை வேண்டுமாம். கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் பொருந்தவில்லை என்றால்?

பதில்: ஒவ்வொருவருக்கும் முழுப் பொருத்தத்துக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டு பேரும் பொருந்தாமல் போவது சகஜம். மஜ்ஜைக் கொடையாளர் பதிவேட்டில் வெளியார் யாராவது கிடைக்கலாம். இல்லையென்றால் அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லோரும் பாதிப் பொருத்தம், அதை வைத்தும் இப்போது நன்றாகச் செய்கிறோம். மாற்றிய சில நாளில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுத்தால், வந்த செல்கள் உங்கள் உடம்பைத் தாக்குவது பெரிய அளவு குறைகிறது. கொடுப்பவருக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைகூட இல்லை, சில நாள் ஊசி, பிறகு கையிலிருந்து ரத்தம் எடுத்துச் செல்லைப் பிரித்துக்கொண்டு திருப்பி விடுவார்கள். ரத்த வகை பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. சில மாதத்தில் உங்கள் ரத்த வகையே அவருடையதாக மாறிவிடும்.

முதல் நூறு நாள் கடுமையானது. தோலில் சிவப்பு, வயிற்றுப்போக்கு, கண் மஞ்சள், எதையும் சாதாரணம் என்று விடாதீர்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: பெரும்பாலும் வராது, இது பிறந்த பிறகு மஜ்ஜையில் ஏற்படும் மாற்றம். புகைப்பழக்கம், பென்சீன், முன்பு வேறு புற்றுநோய்க்கு எடுத்த கீமோ இவற்றால் வாய்ப்புக் கூடும், ஆனால் நிறையப் பேருக்குக் காரணமே சொல்ல முடிவதில்லை. சில குடும்பங்களில் டி.டி.எக்ஸ்.41 போன்ற ஜீன் வழியாக வருவது உண்டு. வீட்டில் இன்னொருவருக்கும் ரத்த நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், குடும்பத்தில் யாரிடமிருந்து மஜ்ஜை எடுப்பது என்பதே அதனால் மாறும்.

கேள்வி: ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பிவிட்டது. பழைய ஜீன் ரிப்போர்ட் இருக்கிறதே, மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: எடுங்கள். திரும்பி வரும் நோய் பழைய ஜீனைத் தொலைத்துவிட்டுப் புதியதைச் சேர்த்துக்கொண்டு வரும். முதலில் இல்லாத எஃப்.எல்.டி.3 இப்போது இருந்தால் கில்டெரிடினிப் மாத்திரைக்கு வழி இருக்கிறது, ஐ.டி.எச் இருந்தால் அதற்கும் தனி மாத்திரை உண்டு. மறுபடி ரெமிஷன் வந்தால் மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 29 வயது. கீமோ தொடங்கி இன்று பதினெட்டாம் நாள். வெள்ளையணு 200-லேயே ஒரு வாரமாக நிற்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுக்கிறார்கள், பத்து மணி வரை ரிப்போர்ட்டுக்காகக் கண்ணை மூடாமல் கிடக்கிறேன். எப்போது ஏறும்?

பதில்: பதினெட்டில் 200 என்பது எதிர்பார்த்ததுதான், மோசமான செய்தி இல்லை. பெரும்பாலும் இருபத்தொன்றுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் நகரும், சிலருக்கு ஐந்து வாரம் வரை போகும். ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். நியூட்ரோஃபில் ஏறுவதற்கு ஓரிரு நாள் முன்னால் மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணு தலைகாட்டும். ரிப்போர்ட்டில் மேலே இருக்கும் மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள், கீழே மோனோசைட் என்று ஒரு வரி இருக்கும், பூஜ்யமாகவே இருந்துகொண்டிருக்கும். ஒரு நாள் காலை அங்கே 0.1 என்று வரும்.